கதவுக்குப் பின்னால் ஒரு பீரங்கி

ஜெகநாதன் விழுந்த வேகத்தில் வேலூர்க் கோட்டை ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

கோட்டை இருந்தது மேஜை மேல். அட்டையும் களிமண்ணும் சேர்த்துச் செய்த கோட்டை. அகழி, மதில், கொடிமரம், விரல் உயரத்துக்கு ஈயச் சிப்பாய்கள். அத்தனை பேரில் ஒரு சிப்பாய்கூடச் சாயவில்லை.

சாய்ந்தவர் ஜெகநாதன் மட்டும்தான்!

விமல்ராஜ் தன் கையைப் பார்த்தான். சிப்பாய் வார்க்க வாங்கி வைத்திருந்த ஈயக் கட்டி. அதன் ஓரத்தில் ரத்தம். குனிந்து அவருடைய மூக்கருகே விரலை வைத்தான்.

மூச்சு இல்லை...

சற்று முன்புவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர். இருவருக்கும் ஹைவே ஓரத்து வார்ப்படத் தொழிற்சாலையில் ஆபீசர் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் பென்னலூரில் ஜெகநாதன் வீட்டு முன்னறை. பழைய யுத்தங்களை மேஜை ஆட்டமாக மாற்றுவதுதான் இருவருக்கும் பைத்தியம்.

இந்த முறை எடுத்துக்கொண்டது 1806, வேலூர். சிப்பாய்கள் கோட்டையைப் பிடிக்கிறார்கள். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரக் குதிரைப்படை ஓடி வருகிறது. ஸ்கேல் வைத்து அளந்து படையை நகர்த்த வேண்டும். பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். லண்டனில் ஒரு கம்பெனி இதைப் பெட்டியில் போட்டு விற்கச் சம்மதித்திருந்தது.

ஒரே ஒரு தொல்லை. சிப்பாய்கள் ஜெயிப்பதே இல்லை. விமல்ராஜ் எப்போதும் வெள்ளைக்காரன் பக்கம். கதவை உடைப்பான், குதிரைகளை உள்ளே பாய விடுவான், ஆட்டம் முடிந்துவிடும். ஒரே பக்கம் ஜெயிக்கிற ஆட்டத்தை எவன் வாங்குவான் என்று ஜெகநாதன் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

இன்று மதியம் வழி கிடைத்துவிட்டது. கோட்டை வாசலை ஒட்டிய காவலறையின் குட்டிக் கூரையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே, வாசலைப் பார்த்தபடி... ஒரு பீரங்கி.

“நம்ம ஃபேக்டரி சாம்சன் இப்பத்தான் வார்த்துக் குடுத்துட்டுப் போறான். பெயின்ட் கூட காயல. இது எதிராளிக்குத் தெரியாது. இனிமே நீ குதிரைய விட்டுக்கிட்டு உள்ள பாய்ஞ்சே... மவனே, காலி.”

நிஜத்தில் அந்த இடத்தில் பீரங்கி இருந்ததோ இல்லையோ, ஆட்டத்துக்கு அது உயிர் கொடுத்துவிட்டது என்பது விமல்ராஜுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. வயிறு எரிந்தது. பெட்டி மேல் தன் பெயரும் வருமா என்று கேட்டான்.

ஜெகநாதன் சிரித்தார். “நீ ஆடறவன்டா. ஆட்டத்தைச் செஞ்சவன் நான்.”

அந்தச் சிரிப்புத்தான் வினையாகப் போயிற்று.

விமல்ராஜ் கர்ச்சீப்பை எடுத்தான். ஈயக் கட்டியைத் துடைத்தான், மேஜை விளிம்பைத் துடைத்தான், கூரையை இருந்தபடியே மூடி வைத்தான். ஜெகநாதனின் மனைவி சாரதா உறவுக்காரர் வளைகாப்புக்காகக் காஞ்சிபுரம் போயிருந்தாள். கொல்லைக் கதவைத் திறந்தால் முள்காடு, அவன் வந்ததும் அந்தக் குறுக்கு வழிதான், அதைத் தாண்டினால் பஸ். சுங்குவார்சத்திரம் லாட்ஜில் தன் அறைக்குள் நுழைந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

காய்ச்சல்... காலையிலிருந்தே காய்ச்சல்!

போலீஸ் சாம்சனைப் பிடித்தது. அவன் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்ததைத் தெருவே பார்த்திருந்தது. வார்ப்புப் பகுதியில் வேலை பார்ப்பவன் என்பதால் ஈயக் கட்டியும் அவனோடு சேர்ந்துகொண்டது. விசாரிக்க வந்தவர்களிடம் விமல்ராஜ் தயங்கித் தயங்கி, சாம்சன் ஈயம் திருடியதை ஜெகநாதன் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு பொய்யையும் நட்டு வைத்தான்.

சாம்சனின் மனைவி ஷெர்லின் நிறைமாத வயிற்றோடு ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். கேள்விப்பட்டபோது விமல்ராஜுக்குக் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

மூன்றாம் நாள் காலை லாட்ஜில் போன் அலறியது.

“சார், இன்ஸ்பெக்டர் கோதண்டம் பேசறேன். அந்தக் கோட்டை மேட்டர் ஒண்ணும் புரியல. நீங்க வந்து சொல்லிக் குடுத்தா புண்ணியமாப் போவும்.”

போகாவிட்டால் சந்தேகம் வரும். போனான்.

முன்னறை வாசலில் கான்ஸ்டபிள் டில்லிபாபு நின்றிருந்தான். முதல் நாள் இந்த மேஜையைப் பார்த்ததும் அவன் வெலவெலத்துப் போனானாம். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நாலு பேர் சேர்ந்து டீ குடித்தாலே போலீஸ் பெயர் கேட்கிற நேரம். இங்கே கோட்டை, அகழி, படை என்று ஒரு முழு மேஜை! பெரிய சதி என்று மெட்ராஸுக்கே போன் போடப் போனவனைக் கோதண்டம்தான் தடுத்தாராம்.

கோதண்டம் தொப்பையைத் தடவிக்கொண்டு நாற்காலியில் கிடந்தார். பார்த்தால் தூங்குமூஞ்சி. சுவரோரம் சாரதா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அவரு முடிக்காமலே போயிட்டாரு தம்பி,” என்றாள். “நீங்க ஒரு தடவை முழுசா ஆடி, சரியா வருதான்னு பாத்துச் சொல்லுங்க. லண்டனுக்கு அனுப்பிடறேன். பெட்டி மேல உங்க பேரைப் போடச் சொல்லி எழுதறேன்.”

விமல்ராஜின் நெஞ்சு துள்ளியது. எதற்காகக் கொலை செய்தானோ அது தட்டில் வைத்து நீட்டப்படுகிறது!

“சரி அண்ணி,” என்றான், குரலைக் கம்ம வைத்துக்கொண்டு.

எதிரில் ஆடக் கோதண்டமே உட்கார்ந்தார். லாக்கப்பில் சாம்சனிடம் பாடம் கேட்டதாகச் சொன்னார். அவருக்குச் சிப்பாய்கள், விமல்ராஜுக்கு வழக்கம்போல் குதிரைப்படை. பகடை உருண்டது. கோதண்டம் அளக்கத் தெரியாமல் அளந்தார், மதில் மேல் நிற்க வேண்டியவர்களை அகழிக்குள் இறக்கினார். விமல்ராஜ் பொறுமையாகத் திருத்தினான். பயம் மெல்ல மெல்ல இறங்கியது. ஆட்டம் தலைக்கு ஏறியது.

குதிரைகள் வாசலை நெருங்கின. பகடையில் ஆறு விழுந்தது.

கதவு உடைந்தது...

திறந்த வாசல். உள்ளே ஒரு சிப்பாய்கூட இல்லை. பக்கத்தில் அந்தக் காவலறை. குட்டிக் கூரை.

விமல்ராஜின் கை குதிரை மேல் நின்றது. பாய்ந்தால் படை காலி. பெட்டி மேல் பெயர் வரப்போகிற ஆட்டத்தில், பகடை பிடிக்கத் தெரியாத ஒரு போலீஸ்காரரிடம் தோற்பதா? கூரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த மனிதர் செத்தாயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது?

குதிரைகளை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தினான். வீரர்களை இறக்கி, மதிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் அனுப்பினான்.

சாரதா நிமிர்ந்தாள். “எப்பவும் குதிரையோட உள்ள பாய்வீங்களே தம்பி.”

“இன்னிக்கு யோசிச்சு ஆடறேன் அண்ணி.”

கோதண்டம் கொட்டாவி விட்டார். “வாசல் தொறந்து கெடக்கு. உள்ள ஈ காக்கா இல்ல. ஏன் சார் நின்னுட்டீங்க?”

“அதனாலதான் சார். தொறந்து கெடந்தா எந்தத் தளபதியும் சந்தேகப்படுவான்.”

“இன்னாத்த சந்தேகப்படுவான்? இதுல இன்னா கீது?”

கேட்டுக்கொண்டே கோதண்டம் காவலறையின் கூரையைத் தூக்கினார்.

காலி!

விமல்ராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. வருஷக்கணக்கில் ஆடியவன். எவ்வளவு அருமையான நகர்வு! அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் போல் ஆக்கிவிட்டார்களே!

“இன்னா சார் இது அழுகுணி ஆட்டம்? ஆட்டத்துக்கு நடுவுல காயை எடுக்கக் கூடாது. பீரங்கி இங்கதான இருந்துச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் விழுந்தது.

கோதண்டத்தின் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். விரல் நீளத்துக்கு ஒரு பீரங்கி.

“அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் இது உலகத்துலயே கெடையாது சார். சாம்சன் வார்த்தான், கொண்டாந்து குடுத்தான், அவரு கூரைக்குள்ள வெச்சாரு. பாத்தவங்க ரெண்டே பேரு. ஒருத்தரு செத்துட்டாரு. இன்னொருத்தன் என் லாக்கப்புல கீறான்.” கோதண்டம் முன்னால் சாய்ந்தார். “காய்ச்சல்னு லாட்ஜுல படுத்துக்கினு இருந்த நீங்க... எங்க இருந்து சார் பாத்தீங்க?”

விமல்ராஜ் வாசல் பக்கம் பார்த்தான். டில்லிபாபு கதவை அடைத்துக்கொண்டு நின்றான்.

சாரதா எழுந்து அவன் எதிரே வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அவள் அடிக்கவில்லை.

“எங்க வூட்டுல உக்காந்து எத்தினி வேளை சாப்பிட்டிருக்கே,” என்றாள். “பேரைப் போடச் சொல்றேன்னு சொன்னேன் இல்ல? போடுவாங்க. சார்ஜ் ஷீட்டுல.”

விமல்ராஜ் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். விலங்கு பூட்டும்போதும் அவன் கண் அந்தத் திறந்த வாசலிலேயே இருந்தது. பாய்ந்திருக்கலாம். பாய்ந்து தோற்றிருந்தால் தப்பித்திருக்கலாம்!

ஸ்டேஷனுக்குப் போனதும் முதல் வேலையாகச் சாம்சனை வெளியே விட்டு, ஷெர்லினோடு ஜீப்பிலேயே வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் கோதண்டம். டில்லிபாபு தலையாட்டினான். ஆனால் நகரவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“சார்... கடைசில யாரு ஜெயிச்சது? வெள்ளைக்காரனா, நம்ம சிப்பாயா?”

கோதண்டம் பீரங்கியைக் காவலறைக்குள் வைத்துக் கூரையை மூடினார்.

“சிப்பாய்தான்யா, மொத தபா. ஒரு குண்டு கூட போடல... ஆளு அவுட்டு!”