சாரின் சம்சாரம் சொன்னவை

வேலையில் சேர்ந்த முதல் நாள். பத்து மணி வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. கறுப்புத் திரையில் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே நுழைந்தேன். தானாக ஒரு வரி வந்தது.

“ஏங்க, கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்தா பக்கத்துல இருக்கிற உங்களுக்கும் காய்ச்சல் வருமா?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அவரை எல்லோரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டார்கள்.

“நம்ம மேனேஜர் சாரோட சம்சாரம் சொன்னது. ஃபோன்ல அந்தம்மா எதைச் சொன்னாலும் சார் ஃபைல்ல ஏத்திடுவார். கம்ப்யூட்டர்ல ஃபார்ச்சூன்னு ஒரு கட்டளை இருக்கு. யார் பாஸ்வேர்டு போட்டு உள்ள வந்தாலும் அதுல ஒண்ணைக் குலுக்கிப் போட்டுக் காட்டும்.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“ஒருநாள் இங்க வந்து பார்த்துட்டாங்க. நாங்க சிரிச்சோம். அவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க, பாவம்.” குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் போயிட்டாங்க. மூச்சு முட்டுதுன்னு ஃபோன் பண்ணாங்களாம். சார் அதையும் ஏத்திட்டுத்தான் கிளம்பினார்.”

மறுநாள் அந்த வரியே எனக்கு வந்தது.

“ஏங்க, மூச்சு முட்டுதுங்க. வர்றீங்களா?”

மனசு கேட்கவில்லை. சாரின் அறைக்குப் போனேன்.

“சார், அந்த ஃபைலை எடுத்துடலாமே?”

“தமாஷுக்கும்மா. செத்தவ வந்து கேக்கவா போறா?” என்றபடி தன் கணினியில் உள்ளே நுழைந்தார். திரையில் வரி வந்தது.

“கேக்கத்தான் வந்திருக்கேங்க.”

அவர் முகம் வெளுத்தது. “சோடாபுட்டி வேலைதான் இது” என்று முணுமுணுத்து, ஃபைலை அழித்துவிட்டு மறுபடி உள்ளே நுழைந்தார்.

“அழிச்சிட்டீங்களா?”

வயரைப் பிடுங்கினார்.

திரை அணையவில்லை.

அறையில் தைல வாடை எழுந்தது. நோயாளி படுத்த அறையில் தேங்கி நிற்குமே, அந்த வாடை.

“பக்கத்துலதான் நிக்கிறேன்.”

சார் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். “ஐயோ, மூச்சு முட்டுதே... யாராவது வாங்களேன்...”

சம்சாரத்தைப் போலப் பேசிக் காட்டுகிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். எல்லாம் அறிந்த நானும், என்ன செய்வதென்று தெரியாமல், அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டேன்.

அவர் விழுந்து கால்கள் அடங்கியபிறகுதான் சிரிப்பு நின்றது.

எல்லாக் கணினிகளையும் மாற்றினார்கள். புதியவற்றில் ஃபார்ச்சூனே கிடையாது. ஆனாலும் முதல் நாளே வந்தது.

“ஐயோ, மூச்சு முட்டுதே. யாராவது வாங்களேன்.”

சோடாபுட்டி அன்றே வேலையை விட்டுவிட்டார். எனக்கு வேறு போக்கிடமில்லை. தினமும் காலையில் உள்ளே நுழைகிறேன். அதே வரி. அதன்கீழே கர்சர் துடித்துக்கொண்டு காத்திருக்கும்.

நான் வாய்விட்டுச் சிரிக்கும்வரை, அது அடுத்த கட்டளையை வாங்குவதில்லை.