ஜன்னலுக்குக் கீழே ஒரு தெரு

‘வராதீர்கள்’ என்ற வார்த்தை எங்கள் அம்மாவின் வாயில் வரவே வராது.

அம்மாவும் அப்பாவும் கடல் தாண்டி ஒரு மலைக் கிராமத்தில் ஊழியம் செய்தவர்கள். சம்பளம் எல்லாம் கிடையாது. அப்பா தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுப்பார், அம்மா பாடம் சொல்லித் தருவார். அங்கே எங்கள் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். சில நாள் ஆடுகூட வரும்.

அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டோம். இப்போது மருத்துவமனையில் அப்பாவின் கையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறுகிறது. அவ்வளவு சின்னச் சொட்டு, அவ்வளவு பெரிய நோயோடு சண்டை போடுகிறது! நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

"கூட்டம் சேர்க்காதீங்க," என்றார் டாக்டர். "இவர் உடம்புல இப்ப எதிர்ப்புச் சக்தி கம்மி. போன தடவை மாதிரி காய்ச்சல் வந்தா, அடுத்த மருந்தைத் தள்ளிப் போடணும். அது நல்லதில்ல."

அம்மா தலையை ஆட்டினார். அப்பாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதவை அகலத் திறந்து வைத்தார்!

பேக்கரி மாமா ஜலதோஷத்தோடு வந்து தும்மினார். பஸ் ஓட்டும் அண்ணன் வந்தார். சர்ச் சபையிலிருந்து அக்காக்கள் கும்பலாக வந்தார்கள்.

"ஏம்மா, வராதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிடி சொல்றது? அங்க நாம யாரையாவது வாசலோட அனுப்பியிருக்கோமா? பாவம், பாசத்தோட வர்றாங்க." சொல்லும்போதே அம்மா அழுதுவிட்டார்.

மறுநாள் வாசலில் நாற்காலியைப் போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன்.

"அப்பா குளிக்கிறார் மாமா."

"அப்பா குளிக்கிறார் அண்ணா."

சாயங்காலம் பேக்கரி மாமா மறுபடியும் வந்தார். "இன்னுமா குளிக்கிறார்? தண்ணி தீர்ந்துடாதா?"

பொய் நமக்குச் சரிப்பட்டு வராது. அதோடு, யாரும் வராததால் மாடி அறையில் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாடு வேண்டாமாம். கதவைத் திறந்தால் காய்ச்சல் பயம், மூடினால் இப்படி. என்னதான் செய்வது?

அப்பாவின் கட்டிலை ஒட்டித் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. அடடா, இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை!

ஓடிப்போய் மாமாவிடம் டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். "நாளைக்கு ஜன்னலுக்குக் கீழ வந்து நில்லுங்க மாமா. நான் அப்பாவைக் காட்டறேன். மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா, வாலு? நான் என்னென்னவோ நினைச்சுப் பயந்துட்டேன்!"

மறுநாள் நான் திரையை இழுத்தேன்.

அம்மாடியோவ்! தெருவையே காணோம். எங்கே பார்த்தாலும் மனிதர்கள்! மதில் ஓரம், மரத்தடி, எதிர்க் கடையின் படி, ஒரு இடம் பாக்கியில்லை. எங்கள் டீச்சர், தபால்காரர், எனக்குத் தெரியாத எத்தனையோ முகங்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். எல்லாரும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் அப்பாவுக்காகவா இவ்வளவு பேர்?

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். என்னிடம்கூடக் காட்டாத மொட்டைத் தலையிலிருந்து தொப்பியை எடுத்து ஆட்டினார். உடனே பேக்கரி மாமாவும் தொப்பியைக் கழற்றினார். அவர் தலை அப்பா தலையைவிடப் பளபள! அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அம்மா, இங்க பாருங்களேன்!" என்று திரும்பினேன்.

வாசலுக்கு ஓடுகிற வேலை இல்லாததால், அம்மா நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். இத்தனை நாளில் பகலில் அவர் கண் மூடி நான் பார்த்ததில்லை.

அப்பா உதட்டில் விரலை வைத்தார். பிறகு கன்னத்தில் கையை வைத்து, அம்மா தூங்குவதைக் கீழே இருந்தவர்களுக்கு நடித்துக் காட்டினார்.

அவ்வளவுதான். அத்தனை பேரும், எங்கள் டீச்சர் உட்பட, நுனிக்காலில் பூனை மாதிரி நடந்து போனார்கள்! பேக்கரி மாமா மூக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடி, தெருமுனையில் போய்த்தான் தும்மினார்.

"சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று அப்பா ரகசியமாகக் கேட்டார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் தெரு நிறைந்தது, வாசல் காலியாகவே இருந்தது. காய்ச்சலும் வரவில்லை. அடுத்த மருந்தை டாக்டர் சொன்ன நாளிலேயே போட்டார்கள்.