ஒலிக் கோப்புகள் மட்டும்

மதியம் இரண்டு மணிக்கு, மென்பொருள் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் பதிவேட்டைத் திறந்தபோது, மோகனப்பிரியா எழுதாத கமிட், அதாவது மாற்றப் பதிவு, ஒன்று அதில் இருந்தது. போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் கம்பெனியின் ஆழ்துளைக் கேமராக்களுக்கான மென்பொருளை வீட்டிலிருந்தே எழுதுபவள் அவள் ஒருத்திதான். குழிக்குள் கேமராக்கள் பதியும் ஒலிகளும் தாமாகவே அங்கே வந்து சேரும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, ஒலிக் கோப்புகளைத் தொட்ட கமிட்டுகளை மட்டும் வடிகட்டினாள்.

git log --stat -- '*.wav'

ஆறு வந்தன. ஆறும் இன்றைக்கு, ஏழாம் கேமராவிலிருந்து. பழையது அடியில் இருக்கும் என்பதால் கீழிருந்து படித்தாள். ஆழம் நானூற்றிருபது அடி. முந்நூறு. நூற்றெண்பது. தொண்ணூறு. நாற்பது.

கடைசியில் மூன்று.

சின்னராஜுக்குப் போன் போட்டாள். கம்பெனியில் கேமரா இறக்குகிறவர்.

"ஏனுங்கண்ணா, ஏழாம் நம்பர் கேமரா எங்கீங்க?"

"உங்க ஊட்டுப் பொடக்காளிப் போர்லதானுங்க. கேபிள் அறுந்து நானூத்தியிருவதுல கெடக்குது. மூணு மாசமாச்சுங்க, பேட்டரி எப்பவோ செத்திருக்கும்."

புழக்கடையில் ஐந்து வயது மகள் சௌந்தர்யா விளையாடிக்கொண்டிருந்தாள். மோகனப்பிரியா காதொலிப்பானோடு பின்பக்கம் ஓடினாள். போகும்போதே கடைசிக் கோப்பு காதில் ஓடியது. ஈரமண்ணை நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி ஏறுகிற சத்தம், அதற்கு நடுவே யாரோ மூச்சு வாங்குவது, அப்புறம் குழியை மூடிய பலகைக்கல் மெல்ல நகரும் கரகரப்பு.

கல் நகர்ந்துதான் கிடந்தது. ஓரத்தில் மகள் நின்றிருந்தாள். முழங்கால்வரை சேறு.

இழுத்து அணைத்தாள். கல்லைக் குழிமேல் தள்ளினாள். ஆட்டுக்கல்லையும் உருட்டிவந்து ஏற்றினாள். இடுப்பு விட்டுப்போயிற்று, ஆனாலும் பிள்ளை கிடைத்துவிட்டாள், அது போதும். உள்ளே தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டு, கதவைத் தாழிட்டு, அழுதாள்.

"பயந்துட்டியா சாமி?"

பிள்ளையின் உடம்பு சில்லென்று இருந்தது.

கணினித் திரையில் ஏழாவது கமிட் வந்தது. ஆழம் நானூற்றிருபது அடி. அதன் ஒலியை அழுத்தினாள்.

"அம்மா..." சௌந்தர்யாவின் குரல். அழுது அழுது கம்மிய குரல். "மேல வந்தது என்னத் தள்ளி உட்டுருச்சும்மா. ஏம்மா கல்ல வெச்சு மூடுன?"

மோகனப்பிரியா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மடியில் கனம் ஏறிக்கொண்டே போனது. சின்னக் கை ஒன்று மேலே வந்தது. ஐந்து விரலிலும் நகமில்லை. அது அவள் வாயை மெதுவாகப் பொத்தியது.