அரைச் சுற்று வந்த நிலா

ஆறாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் முப்பத்திரண்டு பெயர்கள் நீல மையில் இருந்தன. முப்பத்து மூன்றாவது பெயர் மட்டும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது.

அது அந்தப் பள்ளியின் வழக்கம். சில மாதங்களில் போய்விடுவார்கள் என்று தெரிந்த பிள்ளைகளின் பெயரை அங்கே பென்சிலால்தான் எழுதுவார்கள். போனதும் அழித்துவிடலாம், பக்கம் சுத்தமாக இருக்கும். இதை முதல் நாளே எட்டிப் பார்த்துவிட்ட பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அன்று மாலைக்குள் அந்தப் புதுப் பெண்ணுக்குப் ‘பென்சில்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

பென்சிலுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. போன பள்ளியில் அவளைப் ‘புதுசு’ என்றார்கள். அதற்கு முந்தைய பள்ளியில் யாரும் அவளைக் கூப்பிடவே இல்லை. அதற்கு இது எவ்வளவோ தேவலை.

அவளுடைய அம்மா கிரேன் ஓட்டுபவர். பக்கத்துத் தெருவில் எழும்பிக்கொண்டிருந்த மருத்துவமனைக் கட்டடத்துக்கும் மேலே, ஒரு சின்னக் கண்ணாடி அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் இறக்கம். சாப்பாடும் தண்ணீரும் தோள்பையில் கூடவே ஏறும். கட்டடம் முடிந்தால் கிரேன் வேறு ஊருக்குப் போகும். கிரேன் போனால் அம்மா போவார், அம்மா போனால் பென்சிலும் போவாள். இது அவளுக்கு ஐந்தாவது பள்ளி.

சனிக்கிழமை பெற்றோர் நாள். ஆறாம் வகுப்பு மைதானத்தில் சூரியக் குடும்பத்தையே நடத்திக் காட்டப் போகிறது. பென்சில் வந்து சேர்வதற்கு முன்பே எல்லா வேடங்களையும் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஒரு சூரியன், எட்டுக் கோள்கள், ஒரு நிலா, சனியின் வளையத்துக்கு ஆறு பேர், வால் நட்சத்திரத்தின் வாலுக்கு ஏழு பேர், ஒலிபெருக்கிக்கு, பதாகைக்கு, மேளத்துக்கு என்று முப்பத்திரண்டு பேருக்கும் வேலை இருந்தது. பென்சிலுக்கு மட்டும் இல்லை.

“அடுத்த வருஷம் உனக்குக் கண்டிப்பா உண்டும்மா,” என்றார் அறிவியல் மிஸ். அடுத்த வருஷம் எந்த ஊரில் இருப்போமோ என்று பென்சில் நினைத்துக்கொண்டாள்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது அம்மா கேட்டார்: “சனிக்கிழமை நீ என்னவா வர்ற?”

பென்சில் வாய் நிறைய சாப்பாட்டை வைத்துக்கொண்டு, “ஒண்ணு இருக்கும்மா,” என்றாள்.

அது பச்சைப் பொய்.

“அன்னிக்கு கான்கிரீட் போடறாங்க, எனக்கு லீவு கிடைக்காது. ஆனா பதினோரு மணிக்கு டீ நேரம். மேலேருந்து பாத்தா உங்க மைதானம் முழுசா தெரியும். ஆளுங்கதான் எறும்பு மாதிரி இருப்பாங்க. நீ எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“உங்க சிவப்புத் துண்டைத் தலையில கட்டிக்கறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான், ஒரு பொய்யை இரண்டாக்கிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. பதினோரு மணிக்கு அம்மா டீயைக் கையில் வைத்துக்கொண்டு மைதானம் முழுக்கச் சிவப்பைத் தேடுவார். சிவப்போ தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை கோள்களுக்கு வண்ணம் பூசினார்கள். தரையில் பழைய செய்தித்தாள் விரிக்கும் வேலை பென்சிலுக்கு வந்தது. விரித்த தாளில் ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. ‘பூமிக்கு ஒரு விருந்தாளி நிலா.’

பென்சில் அந்தத் தாளின் மேலேயே குப்புறப் படுத்துப் படித்தாள். ஒரு பேருந்து அளவுள்ள சிறுகோள். சூரியனைச் சுற்றிக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கல், பூமியின் அருகே மெல்ல வந்தபோது பூமியின் ஈர்ப்பில் மாட்டிக்கொண்டதாம். இரண்டு மாதம் நம்மோடு இருக்குமாம். பிறகு தன் வழியில் போய்விடுமாம். கண்ணுக்குத் தெரியாது, பெரிய தொலைநோக்கி வேண்டும். இப்படிப்பட்டவற்றுக்குக் ‘குட்டி நிலா’ என்று பெயர்.

அவள் இரண்டாவது முறையும் படித்தாள். எங்கிருந்தோ வருகிறது. இரண்டு மாதம் இருக்கிறது. போய்விடுகிறது. அட, இது நான்தானே!

“தள்ளுடி, பெயின்ட் சொட்டுது,” என்றான் பூமி.

வேடம் கொடுத்த நாளிலிருந்து அந்த வகுப்பில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “சூரியன் என் அழிப்பானைத் திருடிட்டான் மிஸ்,” என்று வெள்ளி அழும். “சனிக்கு வயித்துவலி, வரல,” என்று வியாழன் சொல்லும்.

பென்சில் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேரே மிஸ்ஸிடம் ஓடினாள். மிஸ் படித்தார். நம்பாமல் அலுவலகக் கணினியில் தேடிப் பார்த்தார். திரும்பி வந்தவர், “உண்மைதான்பா. இந்த மாசம் பூமிக்கு ரெண்டு நிலா,” என்றார்.

“அப்ப நான் அந்த ரெண்டாவது நிலாவா வரட்டுமா மிஸ்?”

சூரியன் எழுந்து நின்றான். அவன்தான் வகுப்புத் தலைவன். நடுவில் அசையாமல் நிற்பதுதான் அவன் வேடம், அந்தப் பெருமை அவனுக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

“மிஸ், அதுல கடைசி வரியைப் படிங்க. அது பூமியை முழுசா ஒரு சுத்துகூடச் சுத்தாதாம். அதெல்லாம் ஒரு நிலாவா? வெறும் விருந்தாளி.”

“உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா தட்டு வைக்க மாட்டியா?” என்று கேட்டார் மிஸ். வகுப்பு சிரித்தது. “நாளைக்கு ஒத்திகையில செஞ்சு பாக்கலாம். யார் மேலயும் இடிக்காம வந்துட்டுப் போனா, நீதான் குட்டி நிலா.”

இடிக்காமல் என்று மிஸ் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சூரியனைச் சுற்றும் பூமியை நிலா வேறு சுற்ற வேண்டும். நிலாவாக வந்த பெண் முதல் ஒத்திகையில் வழி தவறி நெப்டியூன் வரை போய்விட்டாள். அதனால் அவளைத் துணி காயப்போடும் கொடியால் பூமியின் இடுப்புப் பட்டையில் இருந்த வளையத்தோடு கட்டியிருந்தார்கள். ஓடும்போது அந்தக் கொடி விறைப்பாக நிற்கும். அதில் தடுக்கி விழாத கோளே கிடையாது.

புதன்கிழமை ஒத்திகை. மேளம் அடித்தது. சிவப்புத் துண்டோடு பென்சில் மைதானத்துக்குள் வந்தாள். பூமியை நெருங்கினாள், திரும்பினாள். அவ்வளவுதான், அங்கே விலகிப் போக வேண்டும். ஆனால் அவளுக்குப் போக மனம் வரவில்லை. ஐந்து பள்ளிகளில் முதல்முறையாக ஒரு மைதானத்தின் நடுவில் அவள் இருக்கிறாள். இன்னும் கொஞ்சம் நெருங்கி ஒரே ஒரு முழுச் சுற்று சுற்றினால் என்ன?

சுற்றினாள். கொடி முழங்காலில் மாட்டியது. அவள் விழுந்தாள், பூமி அவள் மேல் விழுந்தான், நிலா பூமியின் மேல் விழுந்தாள். பின்னால் வந்த செவ்வாய் எல்லோர் மேலும் விழுந்தான். சனியின் வளையங்கள் ஆறும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

“நான் அப்பவே சொன்னேன்ல மிஸ்,” என்றான் சூரியன்.

மிஸ் நெற்றியைத் தடவிக்கொண்டார். “இன்னும் மூணு நாள்தான் இருக்கு. வேணாம்மா. நீ தண்ணி பாட்டிலைப் பாத்துக்க.”

பென்சிலுக்கு அழுதுவிடலாம் போலிருந்தது. ஆனால் பூமியின் முழங்கையில் சிராய்த்துச் சிவந்திருப்பதைப் பார்த்ததும், பாட்டிலைத் திறந்து தன் கைக்குட்டையை நனைத்து அவனிடம் கொடுத்தாள்.

“தப்பு என்னோடதுதான்,” என்றாள். “அது முழுச் சுத்து சுத்தாதுன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சுத்தின?”

“அரைச் சுத்துன்னா சீக்கிரம் முடிஞ்சுடுமேன்னு.”

பிறகு அவள் அம்மாவைப் பற்றியும் சொன்னாள். டீ நேரம், சிவப்புத் துண்டு, இரண்டு பொய், எல்லாவற்றையும் சொன்னாள். பூமி கைக்குட்டையை முழங்கையில் வைத்தபடி அந்த உயரமான கிரேனை அண்ணாந்து பார்த்தான்.

“அங்கயா இருக்காங்க? அம்மாடி,” என்றான்.

நிலா இடுப்புக் கொடியை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்தப் பேப்பர்ல படம் இருந்துச்சே, அதைக் காட்டு.”

மூவரும் தாளை மைதானத்தில் விரித்தார்கள். படத்தில் நிலாவின் பாதை பூமியை ஒட்டி ஒரு சின்ன வட்டம். குட்டி நிலாவின் பாதையோ அதற்கு வெகு வெளியே, எங்கிருந்தோ வளைந்து வந்து, திரும்பி, விலகிப் போனது.

பென்சில் தலையில் அடித்துக்கொண்டாள். “கயிறு எட்டாத தூரத்துலதான் அது போகுது. நான்தான் உள்ள புகுந்துட்டேன். அது போற மாதிரியே போனா யார் மேலயும் இடிக்காது.”

“செவ்வாய் இடிப்பானே,” என்றாள் நிலா.

“செவ்வாய் அந்தக் கோடிக்குப் போனப்புறம் வர்றேன். அவன் எத்தனை அடி வைக்கிறான்னு எண்ணினாப் போதும்.”

வியாழக்கிழமை இடைவேளை முழுக்க மூவரும் அடி எண்ணினார்கள். செவ்வாயை மிட்டாய் கொடுத்து அழைத்து வந்து, நடக்கவிட்டு எண்ணினார்கள். உள்ளே வர முப்பது அடி, திரும்ப ஆறு, வெளியே போக முப்பது. சாக்பீஸால் புள்ளி வைத்துப் பாதை போட்டார்கள். வெள்ளிக்கிழமை மூவரும் மிஸ்ஸின் முன்னால் போய் நின்றார்கள்.

“மிஸ், ஒரே ஒரு தடவை,” என்றான் பூமி. “இவ இல்லாம நான் சுத்த மாட்டேன்.”

“பூமியே சுத்தலைன்னா அப்புறம் நான் என்ன செய்யறது?” என்றார் மிஸ். ஒத்திகை நடந்தது. யாரும் விழவில்லை. சூரியன்கூட வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை. மைதானத்தைச் சுற்றி அப்பாக்கள், அம்மாக்கள், பெரியம்மாக்கள், குட்டித் தம்பிகள். பதினோரு மணிக்குச் சற்று முன்னால் கிரேனின் நீளக் கை அசையாமல் நின்றது. டீ நேரம்.

“பூமியின் ஈர்ப்பில் மாட்டிய குட்டி நிலா வருகிறது,” என்று ஒலிபெருக்கி சொன்னது. சிவப்புத் துண்டு மைதானத்துக்குள் வந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று... பென்சில் எண்ணிக்கொண்டே நடந்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. திரும்பும் இடத்தில் நின்று கிரேனை நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று நேற்றே முடிவு செய்திருந்தாள்.

நிமிரப் போனபோதுதான் செவ்வாய் கண்ணில் பட்டான். அந்தக் கோடியில் இருக்க வேண்டியவன், அப்பா புகைப்படம் எடுக்கிறார் என்றதும் வேகமாக நடந்து இங்கே வந்துவிட்டான். வந்ததோடு விட்டானா? தன் பாதைக் கோட்டை விட்டு விலகி, பூமியின் பக்கம் முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவன் பின்னாலேயே நிலா ஓடிவருகிறாள். கொடி விறைப்பாக அவன் முட்டியை நோக்கி வருகிறது.

அவ்வளவு பெரிய மைதானத்தில், கயிறும் இல்லாமல் வட்டமும் இல்லாமல் இருந்த ஒரே ஆள் பென்சில்தான். அவள் கிரேனைப் பார்க்கவில்லை. பாதையை விட்டுப் பாய்ந்தாள். கொடியைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

“குனிடா,” என்றாள்.

செவ்வாய் குனிந்தான். கொடி அவன் முதுகைத் தாண்டிப் போனது. நிலா ஓட்டத்தை நிறுத்தவே இல்லை.

ஒலிபெருக்கிக்காரி காகிதத்தைப் புரட்டினாள். இது எதிலும் எழுதியிருக்கவில்லை. மிஸ் ஒலிபெருக்கியை வாங்கி, “குட்டி நிலா இப்போது செவ்வாய்க்கு ஒரு சின்ன உதவி செய்தது. இது எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது,” என்றார்.

கூட்டம் சிரித்தது. பிறகு கை தட்டியது.

பென்சில் விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள். திரும்பினாள். கை தட்டல் ஓயவில்லை. முப்பது அடியும் நடந்து எல்லைக் கோட்டில் நின்றாள். அரைச் சுற்றுதான், ஆனால் ஒரு அடிகூடக் குறையாத அரைச் சுற்று. அம்மாவிடம் சொன்னது இப்போது பொய் இல்லை.

‘அம்மா பார்த்திருப்பாரா? நான்தான் நிமிரவே இல்லையே. அதற்குள் டீயை மடக்மடக்கென்று குடித்துவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தால்?’

அப்போது வானத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பளு தூக்கும் முன் கீழே இருப்பவர்களை எச்சரிக்க அடிக்கும் கிரேனின் ஹாரன் அது. ஒரு தடவை அடித்தாலே போதும். அன்றைக்கு அது நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு என்று மூன்று தடவை அடித்தது. மைதானமே அண்ணாந்தது.

“யாருக்குடி அடிக்கிறாங்க?” என்று மைதானத்தின் நடுவிலிருந்து கத்தினான் சூரியன்.

“எனக்குத்தான்,” என்றாள் பென்சில். “எங்கம்மா.”

முதலில் பூமி கையை ஆட்டினான். அடுத்து நிலா, செவ்வாய், சனியின் ஆறு வளையங்கள். கடைசியில், அசையவே கூடாது என்று சொல்லி நிறுத்திவைத்திருந்த சூரியனும் இரண்டு கைகளையும் தூக்கி கிரேனைப் பார்த்து ஆட்டினான்.