ஏரிக்குச் சொன்ன சொல்

கதிர் ராசிபுரத்திலிருந்து ஏரிக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். கோரைக்கு நடுவே ஒரு கம்பம். மழை, காற்று, ஈரப்பதம், நீரின் சூடு எல்லாவற்றையும் அளந்து ஆபீசுக்கு அனுப்பும் கருவிகள் அதில் இருந்தன. தண்ணீருக்குள் கிடந்த சென்சாரில் பாசி பிடித்துவிட்டது. துடைத்து மாட்டவேண்டும், அவ்வளவுதான் வேலை. வீட்டில் மனைவி ஷாலினிக்கு நிறைமாதம். வலி எடுத்தால் தூக்கிக்கொண்டு ஓட அவனைத் தவிர ஆளில்லை.

மதகுக் காவலர் சென்னியப்பன் கரையோடு நின்றுகொண்டார். இதற்கு முன் இந்த வேலைக்கு வந்துகொண்டிருந்த கலையரசன் இங்கேதான் காணாமல் போனான், தீயணைப்புக்காரர்கள் துழாவியும் செருப்புகூடக் கிடைக்கவில்லை என்று, நேற்றுப் பெய்த மழையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்.

இடுப்பளவுத் தண்ணீர். அழுகிய கோரையின் நாற்றம் தொண்டையில் ஒட்டியது. ஒரு கொக்கு இல்லை, தவளைச் சத்தம் இல்லை. கதிர் கரைக்கு முதுகைக் காட்டி நின்று சென்சாரைத் துடைத்து மாட்டினான்.

"கெளம்பியாச்சுங்களா?"

முதுகுக்குப் பின்னாலிருந்து. மெதுவான, மரியாதையான குரல்.

"ஆமாங்க. வாரேனுங்க."

கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லி இந்தப் பக்கம் யாருக்கும் பழக்கமில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கரையேறியபோது சென்னியப்பன் முகம் செத்துக் கிடந்தது.

"ஆருகிட்டச் சாமி பேசுனே?"

"நீங்கதானுங்களே கேட்டீங்க?"

"நான் வாயே தொறக்கலே." அவர் குரல் இறங்கியது. "கலையரசனும் இப்படித்தான் சொல்லீட்டு ஊட்டுக்குப் போனான். பொறகு அவனாவே வந்து எறங்கீட்டான். ஏரிக்குள்ள இருக்கறதுக்கு நம்ம பேச்சு வழக்கம் புரியாது சாமி. வாரேன்னா, நெசமாவே திரும்பி வாரேன்னு எடுத்துக்கும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னாச் சிரிச்சிருப்பே."

கதிர் தண்ணீரைப் பார்த்துத் திரும்பினான். "நான் போறேன். இனி வரமாட்டேன்."

தண்ணீர் அசையவில்லை.

காற்று இல்லை. கம்பத்தின் உச்சியில் காற்றை அளக்கும் கிண்ணங்கள் மட்டும் சுற்ற ஆரம்பித்தன.

போன் அடித்தது. ஷாலினி.

"ஏனுங்க, உங்களைத் தேடி ஒருத்தரு வந்திருக்காருங்க. நீங்க வாரேன்னு சொல்லீட்டு வரலையாமா. உள்ள கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறாரு. துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனஞ்சு கெடக்குது."

"கதவைச் சாத்து. ஒரு வார்த்தை பேசாதே."

"அட, பாவமுங்க. குடிக்கத் தண்ணி கேட்டாரு. இருங்க, வாரேன்னு சொல்லீட்டு எடுக்க வந்தேன்."

கதிர் கத்தினான். மறுமுனையில் சொம்பு உருண்டது. அவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டான், எடுக்க ஆளில்லை.

சென்னியப்பன் கரைமேல் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கதிர் பைக்கில் சாவியைப் போட்டான்.

"ஏனுங்க."

ஷாலினியின் குரல். போனிலிருந்து அல்ல.

கோரைக்குள்ளிருந்து.

அதை ஒட்டி, அப்போதுதான் பிறந்ததுபோல, ஒரு பச்சைக்குழந்தை வீறிட்டது.