ஏரிக்கு வந்த காய்ச்சல்

அன்று காலை உர்சிங்கின் கடையில் இரண்டாவது கெட்டில் காப்பி தாமதமாகிவிட்டது. எட்டு மணிக்கு அடுப்பில் ஏற வேண்டியது, எட்டே முக்கால் ஆகியும் ஏறவில்லை. புலாவன் ஏரிப் பூங்காவின் வாசலில் அவள் கடை போட்ட ஐந்து வருஷத்தில் இப்படி நடந்ததே கிடையாது.

"என்ன மனாய், காப்பி கேட்டு மனு எழுதிக் கொடுக்கணுமா?" என்று காலிக் குவளையைத் தட்டினான் செல்மோ. ஏரியில் சுற்றுலாக்காரர்களைப் படகில் அழைத்துப் போகும் வழிகாட்டி. வாய் சும்மா இருக்காது.

மனாய் என்றால் அந்தப் பக்கத்தில் மூத்த அக்கா. ஊருக்கே உர்சிங் மனாய்தான். இருபத்தெட்டு வருஷம் மாகாணப் போலீசில் துப்பு விசாரித்துவிட்டு ஓய்வு பெற்றவள். இப்போது காப்பியும், தென்னங்குருத்தில் சுற்றி வேகவைத்த ஒட்டரிசிக் கொழுக்கட்டையும் விற்கிறாள். அவள் பக்கத்திலேயே எப்போதும் உட்கார்ந்திருப்பவர் நாட்டோ, உள்ளூர் வானொலியின் செய்தியாளர். ஒரு காலத்தில் அவள் பிடித்த திருடர்களைப் பற்றியெல்லாம் அவர்தான் அலறினார். அந்தப் பழக்கம் விடவில்லை.

அப்போதுதான் ஊர்த்தலைவர் கப்பித்தான் ஹெனரோ வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கிக்கொண்டிருந்தது.

"மனாய், ஏரிக்குக் காய்ச்சல்!"



விஷயம் இதுதான். ஏரிக்கு அடியில் உறங்கும் எரிமலையைக் கண்காணிக்கும் நிலையத்தார், ஏரியின் நடுவில் ஒரு வெள்ளை மிதவையை நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அதிலிருந்து இருபது மீட்டர் நீளக் கம்பி ஒன்று தண்ணீருக்குள் தொங்கும். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் சூட்டை அளந்து நிலையத்துக்கு அனுப்பும். அடித் தண்ணீர் எப்போதும் இருபத்து நாலு டிகிரி. இன்று விடிகாலையில் இருபத்தெட்டு.

"பன்னெண்டு மணிக்குள்ள எறங்கலேன்னா பூங்காவை மூடு, ஊரைக் காலி பண்ணுன்னு ஃபோன் வந்துடுச்சு. அவங்க ஆள் வந்து பார்க்கவும் வழியில்ல, பாலம் உடைஞ்சு கெடக்கு" என்றார் கப்பித்தான். "போன தடவை மூடுனப்ப என்ன ஆச்சு? ஒன்றரை வருஷம். பாதி ஊர் மணிலாவுக்கு மூட்டை கட்டிடுச்சு. இப்பத்தான் பன்னெண்டு குடும்பம் படகு வெச்சு நிமிர்ந்திருக்கு. இன்னொரு தடவை மூடினா எவன் திரும்பி வருவான்?"

"மலை நிஜமாவே பொங்கினா போய்த்தான் ஆகணும், ஹெனரோ. அதுக்கு நான் என்ன செய்ய?"

"பொங்கலேன்னா? படகுக் கொட்டாயோட பூட்டு தொறந்து கெடக்கு. ரெண்டு பேர் போற சின்னப் படகு ஈரமா இருக்கு. யாரோ ராத்திரியோ விடியக்காலையோ போயிருக்காங்க. மிதவையில யாரோ கை வெச்சாங்கன்னு நிரூபிச்சா மூட மாட்டாங்க. ஆள் யாருன்னும் எனக்குத் தெரியும். அந்தப் பறவைக்காரி மெர்லி!"

மெர்லி மணிலாவிலிருந்து பறவை கணக்கெடுக்க வந்த பெண். எட்டு மாதமாக ஊரில் இருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழாப் படகுப் பந்தயம். கரையிலிருந்து புறப்பட்டு, மிதவையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். திங்கட்கிழமை நடந்த கூட்டத்தில் மெர்லி எழுந்து நின்று, மிதவையின் மேல் ஒரு முக்குளிப்பான் பறவை கூடு கட்டியிருக்கிறது, பன்னிரண்டு படகும் சுற்றினால் கூடு முழுகிவிடும், பந்தயத்தை நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள். யாரும் காது கொடுக்கவில்லை.

"அவளை ஆபீஸ்ல உட்கார வெச்சிருக்கேன். இதோ, பைனாகுலரையும் பறிமுதல் பண்ணிட்டேன்" என்று கப்பித்தான் நெஞ்சைத் தட்டினார். "யாரும் தண்ணியில எறங்கக் கூடாதுன்னு உத்தரவும் போட்டுட்டேன்."

"நாலு முட்டை! ஒரு வீட்டு ஆம்லெட்டுக்குக் காணாது. அதுக்கு ஒரு ஊரே மூட்டை கட்டணுமா?" என்று சிரித்தான் செல்மோ. கூட்டத்திலும் ஆம்லெட் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவன் அவன்தான். இன்று அவன் சிரிப்பில் அவ்வளவு சுரத்து இல்லை. குவளையை வைத்துவிட்டு எழுந்து போனான்.

உர்சிங் அடுப்பை அணைத்தாள். "ஹெனரோ, மூணு எடத்துலயும் என்ன கணக்கு வந்திருக்கு? நிலையத்துல கேட்டுச் சொல்லு."

கப்பித்தான் ஃபோனில் பேசினார். "மேல இருபத்தெட்டு. நடுவுல இருபத்தெட்டு. அடியில இருபத்தெட்டு."

"ம்" என்றாள் உர்சிங். பிறகு கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று பனி ஏழரைக்கே விலகி, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"காலண்டர்ல என்ன மனாய், நல்ல நாளா?" என்று ஆவலாகக் கேட்டார் நாட்டோ.

"மணி பார்த்தேன்" என்றாள் அவள்.

அவளும் நாட்டோவும் படகுத்துறைக்குப் போனார்கள். துறையின் ஓரத்தில் ஒரு கரும்பாறை. ஏரியில் படகு எடுப்பவர்கள் எவரும் அந்தப் பாறையில் கொழுக்கட்டைத் துண்டு வைத்து, "வழி விடுங்க, ஐயாமாரே" என்று தண்ணீரில் வசிக்கும் கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் அனுமதி கேட்காமல் ஏற மாட்டார்கள். படகில் எத்தனை உயிர் போகிறதோ அத்தனை துண்டு. நாய் ஏறினால் நாய்க்கும் ஒன்று.

பாறையில் சேம்பிலை ஒன்று விரித்திருந்தது. அதில் பெரிய துண்டு ஒன்று, கட்டைவிரல் நகமளவு சின்னத் துண்டுகள் நாலு. எறும்பு மொய்க்கத் தொடங்கியிருந்தது.

"ராத்திரி பத்துலேர்ந்து நாலு மணி வரைக்கும் மழை. இலையில தண்ணியே இல்ல. அப்போ மழை விட்டப்புறம், பனி மூடியிருந்த நேரத்துல வெச்சது" என்றாள் உர்சிங்.

நாட்டோ பரபரப்பானார். "அஞ்சு பேர் கும்பல்! ஒரு தலைவன், நாலு கையாள்!"

"ரெண்டு பேர் போற படகுல அஞ்சு பேரா?"

"அப்போ... ஒரு ஆள், நாலு குழந்தைங்க! ஐயோ மனாய், குழந்தைங்களைக் கடத்திட்டாங்க! இப்பவே ஒலிபரப்பறேன்."

"அந்த மைக்கை உள்ள வை. ஊர்ப் பிள்ளைங்க பூரா பள்ளிக்கூடத்துல கத்தறது இங்க வரைக்கும் கேக்குது."

அடுத்து அவர்கள் மெர்லியைப் பார்த்தார்கள். ஊராட்சி ஆபீசில் அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதையும் தொடலை, மனாய். மிதவையைத் தொட்டா அளவு கெடும்னு எனக்குத் தெரியாதா?"

"படகுல ஏறும்போது நீ பாறையில துண்டு வைப்பியா?"

அவள் கூச்சத்தோடு தலையை ஆட்டினாள். "எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. செல்மோ அண்ணன் எட்டு மாசமா இதுக்குத்தான் என்னைத் திட்டறார். எனக்கும் சேர்த்து அவரே வெச்சுடுவார்."

"கூட்டுல எத்தனை முட்டை இருக்கு?"

"தெரியலையே. அது எழுந்து போகும்போது பாசியை இழுத்து மூடிட்டுப் போயிடும். பைனாகுலர்ல பச்சைக் குவியல்தான் தெரியும். கிட்டப் போய்க் கையால விலக்கினாத்தான் எண்ண முடியும்."

உர்சிங் அவள் தோளைத் தட்டினாள். "முகத்தைக் கழுவு. துறைக்கு வா. உன் பறவைக்கு நல்ல காலம்தான்னு நினைக்கறேன்."

பதினொரு மணிக்கு வழிகாட்டிகள், கப்பித்தான், மெர்லி எல்லாரும் படகுத்துறையில் கூடினார்கள். மேட்டுச் சாலையில் இரண்டு லாரிகள் வந்து நின்றிருந்தன. சிலர் பன்றிகளைக் கூட ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். உர்சிங் ஒரு கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏரிக்குக் காய்ச்சல் இல்ல" என்றாள். "மலை சுட வெச்சா அடிப்பக்கம்தானே முதல்ல சுடும்? அடியில முப்பதுன்னு வந்திருந்தா நானே முதல் லாரியில ஏறியிருப்பேன். மூணும் ஒரே இருபத்தெட்டு. அது மேல் தண்ணியோட கணக்கு. அந்தக் கம்பி இப்போ ஆழத்துல தொங்கல. இடுப்பளவுத் தண்ணியில, ஏதோ ஒரு கரையோரமா, சுருண்டு கெடக்கு."

"மிதவை நடுவுலயேதானே நிக்குது, மனாய்? கண்ணுக்குத் தெரியுதே" என்றார் கப்பித்தான்.

"வெள்ளையா ஏதோ நிக்குது. மிதவையில சோலார் தகடு இருக்கு. தினம் எட்டு மணிக்கு வெயில் அதுல பட்டு என் கடைக் காலண்டர்ல பளிச்சுன்னு விழும். அதைப் பார்த்துத்தான் ரெண்டாவது கெட்டில் வைப்பேன். இன்னைக்கு வெயில் இருந்தது, வெளிச்சம் விழல. ஹெனரோ, கழுத்துல மாலை மாதிரி போட்டிருக்கியே, அதைக் கண்ணுல வெச்சுப் பாரு."

கப்பித்தான் பைனாகுலரைத் தூக்கினார். வாய் பிளந்தது. "தெர்மோகோல் பெட்டி! மீன் வைக்கிற பெட்டி! மூங்கில்ல கட்டி..."

"நங்கூரக் கயித்தை அவுத்து, மிதவைக்குப் பதில் பெட்டியைக் கட்டியிருக்கார். பந்தயத்துக்குத் திரும்பற அடையாளமும் ஆச்சு, யாருக்கும் சந்தேகமும் வராது. மிதவையை மட்டும் மெதுவா இழுத்துட்டுப் போய் ஒளிச்சு வெச்சார், மறைவுன்னா இந்த ஏரியில வடக்கு நாணல்தான். கெட்ட எண்ணம் இருந்தா மிதவையை முழுக அடிச்சிருக்கலாம். ஒளிச்சு வெச்சதே காப்பாத்தத்தான். மிதவை மேல காப்பாத்தற மாதிரி என்ன இருந்தது?"

"கூடு" என்றாள் மெர்லி மெல்லிய குரலில்.

"அப்போ இவதான்!" என்றார் கப்பித்தான்.

"இவ பாறையில துண்டு வைக்க மாட்டா. வெச்சவர் இந்த ஊர் ஆள், அதுவும் ஐயாமாருக்குப் பயந்தவர். தனக்கு ஒரு பெரிய துண்டு. அப்புறம் நாலு குட்டித் துண்டு. யாரு அந்த நாலு பேர்? நாட்டோ கடத்தல்னார். தப்பு ஒண்ணும் இல்ல, நாலு பேர் கூடவே போனது நிஜம். இன்னும் பொறக்கல, அவ்வளவுதான்."

நாட்டோவுக்குப் புரிந்து, "முட்டை!" என்று கத்தினார்.

"எத்தனை உயிர் தண்ணியைக் கடக்குதோ அத்தனை துண்டு. அவர் முட்டைக்கும் கணக்கு வெச்சார். சரி, முட்டை நாலுன்னு யாருக்குத் தெரியும்? மெர்லிக்கே தெரியாது. கிட்டப் போய்ப் பாசியை விலக்கின கைக்குத்தான் தெரியும். இன்னைக்குக் காலையில என் கடையில ஒருத்தர் எண்ணிக்கையைச் சொன்னார்." அவள் நிறுத்தினாள். யார் பெயரையும் சொல்லவில்லை. "அவரே சொன்னா நல்லாருக்கும். மணி பதினொண்ணு பத்து."

 செல்மோ சட்டையிலிருந்து வழிகாட்டி அட்டையைக் கழற்றிக் கப்பித்தானிடம் நீட்டினான்.

"நான்தான். செவ்வாக்கிழமை பந்தய வழியைப் பார்க்கப் போனேன். சும்மா பாசியை விலக்கினேன். நாலு முட்டை. கை வெச்சேன், சூடா இருந்துச்சு, மனாய். அவ்வளவு குட்டி சாமான் அவ்வளவு சூடு! மூணு வருஷமா பந்தயத்துல முதல்ல திரும்பறவன் நான். கூட்டை முதல்ல முழுகடிக்கறதும் என் படகாத்தான் இருக்கும். ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல."

"வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானேடா!" என்று கத்தினார் கப்பித்தான்.

"ஆம்லெட்னு ஊரையே சிரிக்க வெச்சுட்டு, எந்த மூஞ்சியோட சொல்றது? மெதுவாத்தான் இழுத்தேன். அது பின்னாலேயே நீந்தி, வழி பூரா என்னைத் திட்டிட்டு வந்துச்சு. அந்தக் கம்பி தண்ணிக்குள்ள என்ன பேசும்னு எனக்கு என்ன தெரியும்? ஏரி சுடுதுன்னதும் ஐயாமாருக்குத்தான் என் மேல கோவம்னு நினைச்சேன். பயத்துல உண்மையைச் சொல்ல வாய் வரல."

மெர்லி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட வேண்டியவள்தான். அவள் முகத்தில் அது இல்லை. "அண்ணா, மிதவையைத் திரும்ப நடுவுக்கே கொண்டு போயிடலாம். மெதுவாப் போனா அது மறுபடியும் பின்னால வரும். பந்தயத்துக்கு உங்க மீன் பெட்டியைத் தெற்குக் கரையில கட்டிக்கலாமே? அதைச் சுத்தித் திரும்புங்க. நடு ஏரிப் பக்கம் யாரும் வர வேண்டாம்."

பன்னிரண்டு வழிகாட்டிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை இது யாருக்கும் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பந்தயத்தை நிறுத்துவதா வேண்டாமா என்றுதான் கத்தினார்களே தவிர, திரும்பும் இடத்தை மாற்றலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

கப்பித்தான் உத்தரவைத் தளர்த்தினார். செல்மோவும் மெர்லியும் சின்னப் படகில் போனார்கள். பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது நிலையத்திலிருந்து ஃபோன் வந்தது. அடித் தண்ணீர் இருபத்து நாலு. நாட்டோ மைக்கைப் பிடித்து, "ஏரிக்குக் காய்ச்சல் விட்டது!" என்று கத்தியதில் லாரியிலிருந்து ஒரு பன்றி குதித்து ஓடிவிட்டது.

மிதவையைத் தொட்டது தப்புதான். கப்பித்தான் விடவில்லை. செல்மோவுக்குப் பந்தயம் கிடையாது, ஒரு மாதம் அட்டையும் கிடையாது. அதுவரை தினமும் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கரையில் உட்கார்ந்து எந்தப் படகும் கூட்டுப் பக்கம் போகாமல் காவல் காக்க வேண்டும். பைனாகுலரை மெர்லி கொடுத்தாள். அவன் அதைத் தண்டனை மாதிரி வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை, காலண்டரில் வெளிச்சம் விழுந்து உர்சிங் இரண்டாவது கெட்டிலை வைத்துக்கொண்டிருந்தபோது செல்மோ மூச்சிரைக்க ஓடி வந்தான். ஒரு கொழுக்கட்டையை எடுத்து அவசரமாக உரித்துத் துண்டு போட்டான். ஒன்று பெரிசு, நாலு குட்டி.

"யாருடா படகு எடுக்கறது? உனக்குத்தான் இன்னும் ஒரு வாரம் தடை இருக்கே?" என்று கேட்டாள் உர்சிங்.

"படகு இல்ல, மனாய்" என்றான் அவன். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "நாலும் அம்மா முதுகுல ஏறி உட்கார்ந்தாச்சு. இப்பத்தான் கெளம்புறாங்க."