ஏரிக்கரையில் தெளித்த பால்

டிசம்பர் இரண்டாம் திகதியோடு பால் முடிந்திருக்க வேண்டும்.

கீதனுக்குக் கணக்குப் பிழைப்பதில்லை. கனடாவின் மிசிசாகாவில் அவனுக்குச் சம்பளம் தருவதே அதற்குத்தான். மனைவி சாம்பவி இறந்த நவம்பர் எட்டாம் திகதி, பேஸ்மன்ற் ஃபிறீசரில் அவள் தன் முலைப்பாலைப் பம்ப் பண்ணி உறையவைத்த நூற்றறுபத்தெட்டுப் பைகள் இருந்தன. பிள்ளைக்கு நாளுக்கு ஏழு. இருபத்துநான்கு நாள். இன்று ஐந்தாம் திகதி. மூடியைத் திறந்து, முகத்தில் மோதிய குளிர்ப்புகையை ஊதி விலக்கிப் பார்த்தபோது, மூன்று வரிசைப் பைகள் ஒன்றோடொன்று நெருங்கி நிமிர்ந்து நின்றன.

அவன் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே வந்தான். பால் முடிந்ததும் கொடுக்கலாமென்று வாங்கிய பால்மா ரின், மூடி உடைக்காமல் மேசையில் இருந்தது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. முலையைப் பற்றத் தெரியவில்லை. பதினொரு கிழமை சாம்பவி மூன்று மணிக்கொருதரம் பம்பின் முன்னால் உட்கார்ந்தாள். வாடகைக்கு எடுத்த, ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் கனமான பம்ப்; யாராவது நிறுத்தும்வரை தானாக நிற்காது. இழுக்கும், ஒரு கணம் பிடித்துவைக்கும், விடும். பிறகு அவள் மார்க்கர் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு பையில் திகதியும் நேரமும் எழுதுவாள். "உங்கட வீட்டு மாடு எழும்பப் போகுது, வழி விடுங்கோ" என்பாள். தொடக்கத்தில் அது பகிடியாக இருந்தது. பிறகு, காம்பு வெடித்துப் பால் ரோஜா நிறத்தில் வந்த நாட்களில், பகிடி போய் வேறொன்று வந்தது. "உங்களுக்கு ஒண்டும் நோகாது, என்ன?"

அவன் பையை வாங்கிக்கொண்டு பேஸ்மன்றுக்கு இறங்கிவிடுவான்.

நவம்பர் எட்டாம் திகதி மாலை ஆறு மணிக்கு அவள் பிள்ளையின் அறையில் பம்பைப் போட்டாள். அவன் குசினியில் லப்ரொப்போடு இருந்தான். சுவருக்கு அப்பால் அது இழுத்து, பிடித்து, விட்டுக்கொண்டிருந்தது. சத்தம் வருகிறதுதானே, ஆள் சுகமாகத்தான் இருக்கிறாள். அப்படியே இரண்டு மணித்தியாலம். அவன் போய்ப் பார்த்தபோது அவள் கதிரையில் சாய்ந்து குளிர்ந்திருந்தாள். நுரையீரலில் இரத்தக்கட்டி என்றார்கள். பம்ப் அப்போதும் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

அழைப்பு மணி அடித்தது. சாம்பவியின் சித்தி பேபி அன்ரி, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு, சோற்றுப் பெட்டியோடு நின்றார். வந்ததும் பிள்ளையைத் தூக்கினார்.

"அடி என்ர குண்டு! கை நோகுது." பிறகு அவனைப் பார்த்தார். சிரிப்புக் குறைந்தது. "நீர் ஏன் தம்பி இப்பிடி வத்திப்போனீர்? பிள்ளை உம்மையோ குடிக்குது?"

"வேலை கூட, அன்ரி."

"உந்தப் பால் எப்ப முடிஞ்சது?"

"முடியேல்லை."

அன்ரி பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினார். நெடுநேரம் போர்வையைச் சரிசெய்தார்.

"அண்டைக்கே சொல்லோணும் எண்டு நினைச்சனான்," என்றார் திரும்பாமல். "ஏரிக்கரையில நீர் ஊத்தினது அவளின்ர பாலெல்லோ."

ஓம். சாம்பல் கரைக்கப் போன காலை. தெளிக்கப் பால் எங்கே என்று ஐயர் கேட்டார். வாங்கிய பால்பெட்டி வீட்டு மேசையிலேயே கிடந்தது. காற்று காதை அறுத்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பிள்ளையின் குளிர்ப்பையைத் திறந்து, உருகியிருந்த ஒரு பையைக் கிழித்து ஊற்றினான். பால் பால்தானே.

"சாம்பலுக்குப் பால் விடுறது சூடு ஆறத்தான், தம்பி. ஆறிப் போறதுக்கு. பிள்ளைக்கெண்டு வைச்சதைத் தாய்க்கே ஊத்தினா, அவள் எப்பிடிப் போவாள்? திங்கக்கிழமை முப்பத்தொண்டாம் நாள். அதுக்கு முதல் உதெல்லாத்தையும் வெளிய எறியும்."

அன்ரி போனபின் அவன் பையை விளக்கடியில் பிடித்தான். சாம்பவியின் சாய்ந்த எழுத்து. *4 டிசம்பர், மாலை 6.*

நேற்று.

அவன் அதைத் திரும்பவும் வாசித்தான். மேசையின் ஈரத்தில் வைத்தான். உருகத் தொடங்கிய ஓரத்தில் பால் வெள்ளையாக இல்லை. மங்கலான ரோஜா. வாயைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனான். பாலின் மெல்லிய இனிப்புக்கு அடியில், ஈரமான இரும்புக் கம்பியின் வாடை போல ஒன்று.

குளியலறைக்குப் போய்ச் சட்டையைத் தூக்கினான். இரண்டு கிழமையாக அங்கே ஏதோ சிவந்திருப்பதைக் கண்டும் காணாமல் இருந்தான். மாரிக்காலம், தோல் காய்கிறது என்று களிம்பு பூசிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் இரண்டு வட்டங்கள். மார்பின் இருபுறமும், அச்சில் வைத்து அழுத்தியதுபோல ஒரே அளவில், நடுவே தோல் வெடித்து. விரலால் அழுத்தினான்.

நோகவில்லை.

கீழே ஓடினான். அத்தனை பைகளையும் அள்ளிவந்து சுடுதண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றாகக் கிழித்து சிங்கில் ஊற்றினான். நீராவியில் இரும்பு வாடை வீடு முழுக்க ஏறியது. பம்பின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, அதை முன்கதவுக்குப் பக்கத்தில் வைத்தான். நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பால்மாவைக் கரைத்தான்.

பிள்ளை வாயைத் திறக்கவில்லை. தலையைத் திருப்பினாள். துப்பினாள். முகம் கறுக்கும்வரை கத்தினாள். வேறு சூப்பி மாற்றினான், கரண்டியால் ஊட்டினான், தோளில் போட்டு அறைக்கு அறை நடந்தான். கடைசியில் களைத்து விம்மி உறங்கிப்போனவளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, குசினிக்கு வந்து கதிரையில் விழுந்தான். சுவர்க்கடிகாரம் ஆறைத் தொட்டது.

சுவருக்கு அப்பால் சத்தம்.

இழுத்தது. பிடித்தது. விட்டது.

அவன் முன்கதவைப் பார்த்தான். பூட்ஸ்கள். அன்ரியின் பனி உருகிய தண்ணீர். பம்ப் இல்லை.

சத்தம் வருகிறது. அப்படியென்றால் எல்லாம் சரி. அன்றைக்கும் இப்படித்தான்.

எழுந்தான்.

அறை இருட்டு. ஏரிக்கரைக் குளிர். பம்ப் தொட்டிலின் அருகே இருந்தது. வயர் எங்கும் செருகப்படாமல் தரையில் கிடந்தது. பச்சை விளக்கு எரிந்தது. குழாய்கள் இரண்டும், மார்பில் வைக்கும் புனல்களோடு, தொட்டிலின் கம்பிகளுக்கிடையே உள்ளே போயிருந்தன.

பிள்ளை விழித்திருந்தாள். அழவில்லை. அவன் புனல்களைப் பிடுங்கி எறிந்தான். சட்டையைத் தூக்கினான். அந்தச் சின்ன நெஞ்சில் ஒரு சிவப்பு வட்டம். புதியது. பம்பின் போத்தலின் அடியில் மூன்று சொட்டு.

பிள்ளையை வாரிக்கொண்டு கதவுக்குத் திரும்பினான். கதவு சாத்தியிருந்தது. பிடியைத் திருகினான். திரும்பவில்லை. பின்னால் பம்ப் வேகம் கூடியது. கைக்குள் பிள்ளையின் நெஞ்சு தோலோடு உள்ளே இழுபட்டது. ஒரு தரம். இன்னொரு தரம். பிள்ளை வீரிட்டாள்.

"விடு," என்றான். "சாம்பவி, விடு. நான் இருக்கிறன். என்னட்டை எடு."

பம்ப் நின்றது. காத்திருந்தது.

பிள்ளையைக் கிடத்தினான். அவளுடைய கதிரையில் உட்கார்ந்தான். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். தரையில் தடவி, புனல்களை எடுத்து மார்பில் வைத்தான்.

இழுத்தது.

நொந்தது. எட்டாம் திகதிக்குப் பிறகு முதல்தடவையாக. பல்லைக் கடித்தான். கத்தவில்லை. குழாயில் ரோஜா நிறம் ஏறியது. சொட்டு. சொட்டு. தொட்டிலில் பிள்ளை நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

குளிர்ந்த விரல்கள் இரண்டு அவன் கைமேல் பட்டன. புனலைக் கொஞ்சம் சாய்த்தன. ஆஸ்பத்திரி நர்ஸ் சாம்பவிக்குச் சொல்லிக்கொடுத்த சாய்வு. இன்னும் ஆழமாக இழுத்தது.

எதிரே கறுத்த ஜன்னல் கண்ணாடியில் அவன். அவனுடைய தோளுக்கு மேலே, மார்க்கர் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் பைகளின் பெரிய அடுக்கொன்றைக் கையில் வைத்து, ஒவ்வொன்றிலும் இனி வரும் நாட்களின் திகதி எழுதிக்கொண்டிருந்தாள் சாம்பவி.